விபத்துப் பணத்தில் வக்கீல் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மனைவியின் பெரியம்மாவை 2020-ல் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ரோடு தாண்டும்போது கார் இடித்திருக்கிறது. ரோடு விபத்தில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் நஷ்டஈடு கொடுக்கும் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டிலிருந்து 6,40,000 ரேண்ட் வந்தது, கையில் கிடைத்தது 3,90,000. மீதி 2,50,000 எங்கே என்றால் "எல்லாம் ஃபீஸ்தான்" என்ற ஒரே பதில், அப்புறம் போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறார். "தென்னாப்பிரிக்காவில் வக்கீல் எத்தனை சதவீதம் எடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கீழே இரண்டு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த வக்கீல் குடும்பத்துக்குத் தெரிந்தவர், கோயில் கமிட்டியில் இருப்பவர், கேட்டால் சங்கடம் என்று. உங்கள் நிஜக் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவர் நம்மை ஏமாற்றினாரா, இல்லை இங்கே இதுதான் வழக்கமா, கேட்டால் நாம்தான் மரியாதை கெட்டவர்கள் ஆவோமா?

டர்பனில் 31 வருடம் அட்டர்னியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தமிழ், பாட்டியான என் ஆயாவிடமும் சனிக்கிழமை தமிழ் வகுப்பிலும் வந்தது, அதனால் சட்ட வார்த்தைகளை இங்கே பேசுகிறபடியே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காகிதம் எதையும் நான் பார்க்கவில்லை. அந்த வக்கீல் திருடினார் என்றோ திருடவில்லை என்றோ இங்கே உட்கார்ந்து சொல்ல என்னால் முடியாது. நீங்களும் அவர் பெயரை எங்கேயும் போடாதீர்கள், இதுவரை போடாதது நல்லது.

சதவீதத்துக்கு முன்னால் ஒரு விஷயம். அந்த 6,40,000 வக்கீலின் ட்ரஸ்ட் அக்கவுண்டில், அதாவது கட்சிக்காரர்களின் பணத்தை மட்டும் வைக்கும் தனிக் கணக்கில், வந்து விழுந்ததே, அன்றைக்கு அதில் ஒரு சென்ட்கூட அவருடையது இல்லை. பெரியம்மாவின் பணத்தை அவர் பிடித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். 2014-ஆம் ஆண்டின் 28-ஆம் எண் சட்டமான லீகல் பிராக்டிஸ் ஆக்ட், அதற்கு முன்பு இருந்த 1979 அட்டர்னிஸ் ஆக்ட், இரண்டிலும் இதுதான் அடிப்படை. அவர் நாளைக்கே கடனில் மூழ்கினாலும் அவருடைய கடன்காரர்கள் அந்தக் கணக்கில் இருக்கும் கட்சிக்காரர் பணத்தைத் தொட முடியாது. தனக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஃபீஸை மட்டும், கணக்கு எழுதி, ட்ரஸ்டிலிருந்து தன் பிஸினஸ் அக்கவுண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எண்பதுகளில் கிரே ஸ்ட்ரீட்டில், இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட், ஒரு சின்ன ஆபீஸில் ஆர்ட்டிகிள்ட் கிளார்க்காக, அதாவது பயிற்சி வக்கீலாக இருந்தேன். கீழே சேலைக் கடை, மேலே நாங்கள், படிக்கட்டு முழுக்க சாம்பிராணி வாசனை. மாதக் கடைசியில் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் இருக்கும் கார்டில் உள்ள தொகைகளைக் கூட்டி பேங்க் ஸ்டேட்மென்டோடு சரிபார்க்க வேண்டும். ஒரு மாதம் 11 ரேண்ட் 40 சென்ட் குறைந்தது. என் பாக்கெட்டிலிருந்து போட்டுவிடலாம் என்று நினைத்து பாஸிடம் சொன்னேன். மனுஷன் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "யாருடைய 11 ரேண்ட்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு ராத்திரி தேடினோம். கோர்ட் காகிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஷெரிஃபின் பில் ஒன்றை வேறு ஆள் கார்டில் எழுதியிருந்தேன். இந்தத் தொழிலின் நன்னடத்தை விதிகளில் பாதி அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். நீங்களும் சதவீதத்தை விட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அந்த 2,50,000-ல் எது யாருடையது, எந்த வேலைக்குப் போனது?

சரி, சதவீதம். "ஜெயித்தால்தான் ஃபீஸ்" என்ற ஏற்பாடு இங்கே ரொம்பக் காலம் சட்டவிரோதமாக இருந்தது. அதை அனுமதித்தது 1997-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் சட்டமான கன்டிஞ்சென்சி ஃபீஸ் ஆக்ட், அமலுக்கு வந்தது 1999-ல். அதைத் தாண்டி நாமாக ஒரு சதவீதம் பேசி எழுதிக்கொண்டால் செல்லாது. சில வக்கீல்கள் "எங்கள் லா சொசைட்டி (வக்கீல்களின் சங்கம்) அனுமதித்தது, பொதுச் சட்டம் அனுமதித்தது" என்று 30, 40 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், 2014-ல் கான்ஸ்டிட்யூஷனல் கோர்ட் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. ஆகவே பெரியம்மாவிடம் "மூன்றில் ஒரு பங்கு எனக்கு" என்று யாராவது கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தப் பேப்பருக்கு மதிப்பில்லை. செல்லாத ஒப்பந்தம் என்றால் வக்கீலுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகாது, செய்த வேலைக்கு நியாயமான சாதாரண ஃபீஸ் உண்டு, அவ்வளவே.

இப்போது எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் வருகிறது, வக்கீல்களே வேண்டுமென்று தப்பாகப் புரிந்துகொள்வதும் உண்டு. எல்லோர் வாயிலும் 25 சதவீதம். அது ரேட் இல்லை தம்பி, உச்சவரம்பு. சட்டம் சொல்வது இதுதான். அந்த வேலைக்கு வக்கீலின் சாதாரண ஃபீஸ் எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். ஜெயித்தால் அதில் அதிகபட்சம் இரண்டு மடங்கு வாங்கலாம். அந்த இரண்டு மடங்கு, கிடைத்த பணத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. உங்கள் தொகையிலேயே போட்டுப் பார்ப்போம். 6,40,000-ல் 25 சதவீதம் 1,60,000. அவர் 45 மணி நேரம் வேலை செய்தார், மணிக்கு 1,600 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது நான் உதாரணத்துக்குப் போட்ட எண்). சாதாரண ஃபீஸ் 72,000, இரண்டு மடங்கு 1,44,000. அப்போது அவர் 1,44,000-க்கு மேல் ஃபீஸாக எடுக்க முடியாது, 1,60,000 வரை போக முடியாது. வேலை 20 மணி நேரம்தான் என்றால் 64,000-தான். விபத்துக் கேஸ் பலவற்றில் ஃபைல் வருடக்கணக்கில் தூங்கும், உண்மையான வேலை சில நாள் வேலையாகத்தான் இருக்கும். "நான்கு வருடம் இழுத்தது" என்று சொல்லி 25 எடுப்பது கணக்கில் சேராது. எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு "அப்படியென்றால் 2,50,000 எடுத்தது திருட்டுதானே" என்று கிளம்பிவிடாதீர்கள். ஃபீஸ் வேறு, செலவு வேறு. எலும்பு டாக்டர் ரிப்போர்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ரிப்போர்ட், வருமான இழப்பைக் கணக்கிடும் ஆக்சுவரி, அட்டர்னிக்காகக் கோர்ட்டில் வாதாடும் அட்வகேட் என்று ஒவ்வொருவருக்கும் பணம் போயிருக்கும், அவற்றை வக்கீல் முன்பணமாகக் கொடுத்திருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு லட்சம் போவது ஆச்சரியமில்லை. ஆகவே 2,50,000-க்கு நேர்மையான விளக்கம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அங்கேயே இன்னொரு கேள்வியும் கேளுங்கள், இதை நிறையப் பேர் கேட்பதில்லை. கேஸில் ஜெயித்தவருக்கு நஷ்டஈட்டுத் தொகைக்கு மேல் தனியாக வழக்குச் செலவும் ஃபண்ட் கொடுக்க வேண்டியிருக்கும். நஷ்டஈடு முதலில் வரும், செலவுத் தொகை பில் போட்டுச் சரிபார்த்து பல மாதம் கழித்து வரும். அது கட்சிக்காரருடைய பணம், அவர் கட்டிய செலவை ஈடு கட்ட வருவது. பெரியம்மாவிடம் செலவு முழுவதையும் பிடித்துவிட்டு, பிறகு வந்த செலவுத் தொகையையும் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டால் ஒரே செலவுக்கு இரண்டு தடவை வாங்கியதாகிவிடும். என் அனுபவத்தில் பெரிய தொகை காணாமல் போவது சதவீதத்தில் இல்லை, இந்த இடத்தில்தான். ஃபண்ட் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டியது என்று பெரியம்மாவே தன் ஐடியோடு டர்பன் அலுவலகத்தில் கேட்கலாம்.

பணம் வந்து நான்கு மாதம் கழித்துத்தான் கொடுத்தார், வட்டியையும் சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பொது ட்ரஸ்ட் அக்கவுண்டின் வட்டி வக்கீலுக்குப் போகாது, வக்கீல் திருடிய ட்ரஸ்ட் பணத்தை ஈடு செய்யும் ஃபிடெலிட்டி ஃபண்டுக்குப் போகும். பெரியம்மா சொல்லித் தனியாக முதலீட்டுக் கணக்கில் போட்டிருந்தால் வட்டியில் 5 சதவீதம் போக மீதி அவருக்கு. வட்டிக்காக அவர் பிடித்து வைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நான்கு மாதம் ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வேலை முடிந்தால் நியாயமான காலத்துக்குள் எழுத்தில் கணக்குக் கொடுத்துப் பணத்தையும் கொடுக்க வேண்டும் என்பது விதி.

அந்த ஒப்பந்தத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் உங்கள் கை பலமாக இருக்கலாம். கன்டிஞ்சென்சி ஒப்பந்தம் எழுத்தில், அரசாங்கம் குறித்த படிவத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, கேஸ் நடத்த வேறு என்ன வழி உண்டு, தோற்றால் எதிராளியின் செலவு தலையில் விழலாம், ஜெயித்தால் எவ்வளவு போகும் என்பதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும், அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். 14 நாளுக்குள் மனது மாறினால் விலகலாம். ஒரு நகல் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். கேஸ் சமரசத்தில் முடிந்தால், என்ன தொகை, கோர்ட்டுக்குப் போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கலாம், ஃபீஸ் எவ்வளவு என்று வக்கீல் ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும், கூடவே "எனக்கு விளக்கினார்கள், சம்மதித்தேன்" என்று கட்சிக்காரரின் அஃபிடவிட்டும் வேண்டும். பெரியம்மாவிடம் இதைக் கேளுங்கள். அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டாரா? யார் படித்துச் சொன்னார்கள், எந்த மொழியில்? ஆஸ்பத்திரி வார்டிலேயே யாரோ ஃபாரம் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதும், பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன் கொடுப்பதும் நடத்தை விதிப்படி குற்றம். யார் அனுப்பிய ஆள் என்று நிரூபிப்பது மட்டும் கஷ்டம், அதை உங்கள் புகாரின் முதல் வரியாக வைக்காதீர்கள்.

புரிந்ததா என்பது ஏதோ சம்பிரதாயம் இல்லை. இதே டர்பனில் 1894-ல், நேட்டால் லா சொசைட்டி எதிர்த்தும் கோர்ட்டில் பதிந்துகொண்ட காந்தியிடம் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலித் தமிழர் வந்து நின்றார். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைத்துணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. காந்திக்குத் தமிழ் புரியாது, அவருடைய குமாஸ்தா தமிழர், அவர் வழியாகத்தான் முழுக்கதையும் கேட்டார். தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் என்பதை இங்கே எல்லோரும் சொல்வோம். ஒரு வக்கீலாக நான் பார்ப்பது அதற்குப் பிந்தியதை. டாக்டரிடம் சர்டிஃபிகேட் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனாலும், முதலாளியைத் தண்டிப்பதைவிட இந்த மனுஷனை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுப்பதுதான் முக்கியம் என்று வேறு முதலாளிக்கு மாற்றிவிட்டார். எதிரில் நிற்பவருக்கு என்ன தேவை என்று பார்த்தார். நம் பாட்டிமார்கள் ஆபீஸில் தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை, மரியாதைக்கும் தலையாட்டுவார்கள். என் கட்சிக்காரர்களிடம் "நான் சொன்னதை நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள் ஆயா" என்று கேட்பேன், பாதிப்பேர் வேறு ஏதோ சொல்வார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

என்ன செய்யலாம்? முதலில் சண்டை வேண்டாம், கடிதம். பெரியம்மா கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மூன்று காகிதம் கேளுங்கள்: அவர் கையெழுத்திட்ட ஃபீஸ் ஒப்பந்தத்தின் நகல், ஆக்சிடென்ட் ஃபண்ட் அனுப்பிய எல்லாப் பணத்தின் விவரம், ஃபீஸையும் செலவையும் பிரித்துக் காட்டும் இறுதிக் கணக்கு. இரண்டு வாரம் கெடு கொடுங்கள். கோபமான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். ஒழுங்கான வக்கீலுக்கு அது ஒரு பிற்பகல் வேலை, ஃபைலில் எல்லாம் இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அந்த மாதிரிக் கடிதம் வந்தால் அவமானமே இல்லை, ஆகவே கோயிலில் முகம் பார்க்க முடியாதே என்ற கவலையை விடுங்கள். கேட்க வேண்டியது நீங்கள் இல்லை, பெரியம்மா. கட்சிக்காரர் அவர்தான், அவர் ரகசியம் அவருடையது. உங்களிடம் வக்கீல் பேச மறுத்தால் அதுமட்டும் தப்பில்லை, அவர் அப்படித்தான் செய்ய வேண்டும். எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

பதில் வந்து, கணக்கு இருந்து, தொகைதான் அதிகம் என்று தோன்றினால் அது ஃபீஸ் தகராறு. பில்லைச் சரிபார்க்கச் சொல்லலாம், அதற்குக் கோர்ட்டில் டாக்சிங் மாஸ்டர் என்ற அதிகாரி இருக்கிறார், கன்டிஞ்சென்சி சட்டத்திலேயே கட்சிக்காரர் தொழில் அமைப்பிடம் முறையிட இடம் இருக்கிறது. பதிலே வராவிட்டால், அல்லது கணக்கு இடித்தால், லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்குப் புகார். 2018 நவம்பரிலிருந்து பழைய லா சொசைட்டிகளின் இடத்தில் இருப்பது அதுதான். புகாரை வக்கீலுக்கு அனுப்பி விளக்கம் கேட்பார்கள், விசாரணைக் குழு, அப்புறம் ஒழுங்குக் குழு. அபராதம் போடலாம், புகார் செய்தவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் மெதுவாக நடக்கும், ரொம்ப மெதுவாக. வக்கீல் பட்டியலிலிருந்து பெயரை அடிக்கும் அதிகாரம் ஹைகோர்ட்டுக்கு மட்டுமே, அங்கே பார்ப்பது இவர் இந்தத் தொழிலுக்குத் தகுந்த நாணயமுள்ள ஆளா என்பதை. 1954-ல் டிரான்ஸ்வால் லா சொசைட்டி மண்டேலாவின் பெயரை நீக்கக் கேட்டது, இனவாதச் சட்டங்களை வேண்டுமென்றே மீறிய டிஃபையன்ஸ் கேம்பெய்ன் போராட்டத்தில் தண்டனை பெற்றவர் என்று. கோர்ட் தள்ளிவிட்டது, சட்டத்தை மீறினார்தான், ஆனால் அதில் நாணயக்கேடு இல்லை என்று. ட்ரஸ்ட் பணத்தில் கைவைப்பவர்களிடம் அந்தக் கருணை இருக்காது.

பணம் திருடப்பட்டது என்றே தெரியவந்தால் மட்டும் ஃபிடெலிட்டி ஃபண்ட். அதிக ஃபீஸுக்கோ கவனக்குறைவுக்கோ அது பணம் தராது. தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், தெரிந்திருக்க வேண்டிய நாள் என்றும் சட்டம் சொல்வதால் சும்மா இருந்துவிட்டு இன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொன்னால் எடுபடாது. இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. வக்கீலிடமிருந்து பணத்தைத் திருப்பி வாங்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம்தான், கவுன்சிலில் புகார் நிலுவையில் இருப்பதால் அது நிற்காது, சாதாரணமாக கோர்ட் சம்மனை அந்த வக்கீலிடம் சேர்த்தால்தான் நிற்கும். உங்களுக்குப் பணம் வந்து 14 மாதம் என்கிறீர்கள். நேரம் இருக்கிறது, ஆனால் கவுன்சில் பதிலுக்காகக் காத்துக்கொண்டே அதைத் தாண்டிவிடாதீர்கள். அந்தக் கட்டத்துக்கு வந்தால் வேறு ஊர் அட்டர்னி ஒருவரைப் பாருங்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் போதும், நம் வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

அப்புறம், பெரியம்மா செக் வந்த கவரைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். கூட வந்த ஒரு பக்கத் தாள், பேங்க் ஸ்லிப், ஆஸ்பத்திரியில் கொடுத்த விசிட்டிங் கார்டு, எதையும் தூக்கிப் போட வேண்டாம். என் கட்சிக்கார அம்மா ஒருவர் இப்படி ஒரு தாளை சாமி அலமாரியில் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ஆறு மாதம் மறந்துவிட்டார், ஃபண்ட் கட்டிய செலவுத் தொகை அதில்தான் எழுதியிருந்தது.